பர்னபாஸ் கூப்பிட ஒரு பேர்

பிரதாப்பின் மகனுக்கு மூன்று மாதம் முடிந்தும் இன்னும் பேர் வைக்கவில்லை என்ற விஷயம் மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் வீடுகளுக்கு மட்டும் தெரிந்திருந்தால் பரவாயில்லை. விடியற்காலை மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகிற ரயிலின் நாலாவது பெட்டிக்கும் அது தெரிந்துவிட்டது. அந்தப் பெட்டிக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

தை மாதக் குளிர். ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, குல்லாவும் மப்ளருமாக ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சீட்டில் இரண்டு பெண்கள் ராத்திரி ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பையில் கொண்டுவந்து, பிதுக்கிப் பிதுக்கித் தோலைத் தனியாக, பருப்பைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு மாதமும் அந்தப் பெட்டியில் அவரை வாசனைதான்.

"இன்னாபா, ஞாயித்துக்கிழம பேரு வெக்கறீங்க. இன்னும் பேரே கெடைக்கலையா?" என்று ஆரம்பித்தார் வேலு. அவர் தச்சு வேலைக்காரர். இருபது வருஷமாக இதே ரயிலில் போய், பெங்களூர் அடுக்குமாடி வீடுகளுக்கு அலமாரி அடித்துவிட்டு வருகிறவர்.

"ஒண்ணு பாத்து வெச்சிகீறேண்ணா. ரியான்ஷ்."

"இன்னாது?"

"ரியான்ஷ்."

"சளி புடிச்சவன் தும்மற மாரி கீதே!"

பெட்டி சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேக்ஸ்வெல் மட்டும் சிரிக்கவில்லை. அவன் ஒரு பெரிய கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் சூபர்வைசர். "டேய், பேரு விஷயத்துல வெளயாடாத. என்னப் பாரு. ஆதார்ல மேக்ஸ்வெல். ரேஷன் கார்டுல மாசிவேலு. வோட்டர் லிஸ்ட்ல மக்ஸவல்லி, பொம்பள. நான் மூணு ஆளுடா."

"அதான் சொல்றேன்," என்றார் வேலு. "எழுதறவனுக்கும் வரணும், கூப்பிடறவனுக்கும் வரணும். ரோட்ல நின்னு கூப்பிட்டா வாய் சுளுக்கக் கூடாது."

பிரதாப் சிரித்துவைத்தான். எழுதுவதும் கூப்பிடுவதும் அல்ல அவனுடைய கஷ்டம். வேலுவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் அந்தப் பக்கம் போகாமல் பேசினார்.

பிரதாப் ஒயிட்ஃபீல்டில் லிஃப்ட் மெக்கானிக். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே பெட்டியில்தான் அமலாவைப் பார்த்தான். அவள் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆண்டர்சன்பேட்டை பர்னபாஸின் ஒரே மகள், சபையில் பாட்டுப் பாடுகிறவள், தாய் இல்லாத பெண். ஒரு வருஷம் எதிரெதிர்ச் சீட்டில் உட்கார்ந்தார்கள். அப்புறம் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில். அப்புறம் பங்காருபேட்டையில் இறங்கி ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலமே பர்னபாஸ் ஸ்கெலட்டனுக்கு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தெருவில் நின்று, "இன்னிக்கோட எனக்குப் பொண்ணு இல்ல" என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. பிரதாப்பின் அக்கா குணசுந்தரி வாசலில் கையில் கரண்டியோடு நின்றாள். தாயில்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவள், புருஷனையும் சின்ன வயசிலேயே பறிகொடுத்தவள், யாருக்கும் பதில் பாக்கி வைத்துப் பழக்கமில்லாதவள். "இல்லன்னா போய்க்கினே இரு" என்றாள். அவரும் போய்விட்டார்.

ஸ்கெலட்டனிலிருந்து ஆண்டர்சன்பேட்டைக்கு பைக்கில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷ தூரத்தை மூன்று வருஷமாக ஒருவரும் கடக்கவில்லை. அமலாவுக்கு ஏழாம் மாசம் இருக்கும்போது ஒருநாள் ஊர் நடுவிலுள்ள பெரிய பஜாரில் அப்பாவைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்துக்குள் போய்விட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. அன்றைக்குப் போட்ட தோசை எல்லாம் கருகியது, அவ்வளவுதான்.

*

வியாழக்கிழமை எட்டு மணிக்குப் பிரதாப் வீடு திரும்பியபோது, குணசுந்தரி முற்றத்துக் குழாயடியில் பெரிய பெரிய பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பவள் அவள். நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சாம்பார் வைக்கிற கைக்கு வீட்டுப் பாத்திரம் எல்லாம் சொப்பு.

"வந்துட்டியா? கேட்டுக்கோ. என்கூட சமைக்கற பார்வதம்மாவே சொல்லிட்டா, அவுங்க கன்னடத்து ஆளுங்களுக்கும் இதான் மொற. அத்தக்காரி தான் பேரு வெக்கணும். நான் வெக்கப் போற பேரு முனிரத்தினம்."

"அக்கா..."

"இன்னா அக்கா? நைனா பேரு. இருவத்தாறு வருஷம் சுரங்கத்துல மண்ணு வாரின மனுஷன். இருமி இருமியே போய்ச்சேந்தாரு. பேரன் பொறந்தா என் பேர வைங்கடான்னு வாயத் தொறந்து ஒரு நாள் கேட்டாரா? கேக்கல. கேக்காததால தான் வெக்கணும்ன்றேன்."

"நான் ரியான்ஷ்னு..."

"ரேஷனா?"

"ரியான்ஷ்க்கா."

"ரேஷன் கடைல போயி நில்லு, போ." அவள் குழாயைத் திறந்துவிட்டாள். பேச்சு முடிந்தது.

பிரதாப்புக்கு அந்தப் பேரின் மேல் உண்மையாகவே ஆசை. அவன் படித்த வகுப்பில் மூன்று பிரதாப். வாத்தியார் அவர்களை ஒண்ணாம் பிரதாப், ரெண்டாம் பிரதாப், மூணாம் பிரதாப் என்று கூப்பிட்டார். அவன் மூணு. தன் மகன் யாருக்கும் மூணாவதாக இருக்கக்கூடாது என்று, பிள்ளை பிறப்பதற்கு முன்பிருந்தே போனில் தேடித் தேடி எடுத்து வைத்த பேர் அது.

உள்ளே அமலா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பால் குடித்த களைப்பில் அவன் கண் பாதி மூடியிருந்தது. தலை நிறைய முடி, கோபக்காரப் புருவம். மூன்று மாதமாக அவனை வீட்டில் "ராஜா", "தங்கம்", "டேய்" என்று வாய்க்கு வந்தபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் ஏதாவது சொல்லேன்," என்றான் பிரதாப். "மூணு மாசமா ஊரே பேசுது. நீ மட்டும் வாயத் தொறக்கல."

அவள் பிள்ளையைத் தூளியில் போட்டு, இரண்டு முறை ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சொன்னா சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல, சொல்லு."

"குமாரன்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் முகம் விழுந்துவிட்டது. "குமாரா? அமலா, எங்க பொட்டியிலயே ஏழு குமாரு கீறான். கரண்டு ஆபீஸ்ல குமாரு, பால்காரன் குமாரு, நம்ம லைன்லயே ரெண்டு குமாரு..."

"இருக்கட்டும். எல்லாருக்கும் வாயில வர்ற பேரு தான?"

"வேற நல்ல பேரே கெடைக்கலையா உனக்கு?"

"கெடைக்கும். ஆனா எங்கப்பா வாயில வராது." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முனிரத்தினம்னு வெச்சா அவரு கூப்பிட மாட்டாரு. நான் டேவிட்னு வெக்கறேன்னு சொன்னா அக்கா கூப்பிட மாட்டாங்க. உன் ரியான்ஷ ரெண்டு பேருமே கூப்பிட மாட்டாங்க. குமாரன்னா அக்காவுக்கு முருகன். எங்கப்பாவுக்கு, காலைல எழுந்ததும் அவரு சொல்ற மொத வார்த்தையே, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலேன்னு. நாப்பது வருஷமா அவரு தெனம் சொல்ற வார்த்த. அத அவரு வேணாம்னு எப்டி சொல்லுவாரு?"

பிரதாப் தூளியைப் பார்த்தான். சேலைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குதிகால் துருத்திக்கொண்டிருந்தது.

"எனக்கு வேற ஆசையே இல்ல," என்றாள் அமலா. "இவன எங்கப்பா ஒரு தடவ பேரு சொல்லிக் கூப்பிடணும். அவ்ளோதான். அதுக்கப்பறம் அவரு வராட்டிப் போனாலும் பரவால்ல."

அந்த ராத்திரி பிரதாப் போனை எடுத்து, சேர்த்து வைத்திருந்த பேர்களை எல்லாம் ஒருமுறை படித்தான். ஒவ்வொன்றையும் பர்னபாஸ் சொல்வதாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தான்.

*

சனிக்கிழமை அரை நாள் வேலை. மதிய ரயிலில் வந்து இறங்கியவனிடம் அமலா ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே குக்கர்.

"ரெண்டு மாசமா ஆவி விடுது. எங்கப்பா கடைக்குக் கொண்டு போ."

"அமலா, அவரு என்னப் பாத்தாலே..."

"மனுஷன வேணாம்னு சொல்லுவாரு. குக்கர வேணாம்னு சொல்ல மாட்டாரு."

பர்னபாஸின் கடை ஆண்டர்சன்பேட்டை பஜாரில், ஒரு பேக்கரிக்கும் துணிக்கடைக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் இருந்தது. சுரங்கம் மூடுவதற்கு முன் அவர் சுரங்கக் குழியான ஷாஃப்டின் மேல்வாயில் நின்று, ஆட்களைச் சுமக்கும் கேஜ் இறங்கவும் ஏறவும் மணி அடித்துக் கொடுத்தவர். மூடின பிறகு பெங்களூரில் சில வருஷம் வாட்ச்மேனாக இருந்துவிட்டு, அது பிடிக்காமல் திரும்பி வந்து, குக்கரும் கேஸ் அடுப்பும் ரிப்பேர் செய்ய உட்கார்ந்துவிட்டார். சுவரில் ஆணி அடித்து வரிசையாகக் கேஸ்கெட் ரப்பர்கள் மாட்டியிருந்தன. அவர் மூக்குக் கண்ணாடியைத் தாழ இறக்கி, ஒரு பர்னரின் துவாரங்களை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தார். பிரதாப்பைப் பார்த்தார். பையைப் பார்த்தார். கையை நீட்டினார்.

குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேஸ்கெட்டால இல்ல. மூடி வளைஞ்சிருக்கு. கீழ போட்டீங்களா?" என்றார்.

"இருக்கும்."

"இருக்கும்னா? போட்டீங்களா இல்லையா?"

"போட்டோம்."

அவர் மூடியை மரக்கட்டையின் மேல் கவிழ்த்து, சின்னச் சுத்தியால் விளிம்பைத் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு, ஒரு சுற்று. கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். மறுபடி தட்டுவார். உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. பேக்கரியிலிருந்து சூடான பன் வாசனை வந்துகொண்டிருந்தது.

"லிஃப்ட்டு வேலதான?" என்றார் திடீரென்று.

"ஆமாங்க."

"ரோப்ப எத்தன நாளைக்கு ஒருக்கா பாப்பீங்க?"

"மாசம் ஒரு தடவ."

"மாசம் ஒரு தடவையா!" சுத்தி நின்றது. "நாங்க தெனம் பாப்போம். ஒவ்வொரு ஷிஃப்ட்டும். கையில துணிய வெச்சிகினு ரோப்பத் தடவிகினே போவோம். ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியில மாட்டும். கீழ நூறு பேரு இருக்காங்கல்ல?"

"இங்க மெஷினே காட்டிடுங்க."

"மெஷின் காட்டும். சரி." அவர் மறுபடி தட்டினார்.

பிரதாப்புக்கு அதற்கு மேல் சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "மாமா, நாளைக்கு பத்தரை மணிக்குப் பையனுக்குப் பேரு வெக்கறோம்."

"கேள்விப்பட்டேன்."

"நீங்க வரணும்."

"உன் புள்ள, உன் வீடு, உன் பேரு. நான் எதுக்கு?"

"அமலா கேக்கறா."

"கேக்கறாளா?" பர்னபாஸ் சுத்தியைக் கீழே வைத்தார். "பத்து நிமிஷம் தூரம். மூணு வருஷத்துல ஒரு தடவ இந்தக் கடைக்கு வந்திருப்பாளா? அப்பா செத்தானா இருக்கானான்னு பாத்திருப்பாளா?"

"பெரிய பஜார்ல உங்களப் பாத்தா. நீங்க மூஞ்சத் திருப்பிக்கினு பூட்டீங்களாம். வயித்துல புள்ளயோட நின்னுகினு இருந்தா, மாமா. அதுக்கப்பறம் எந்த மூஞ்சோட வருவா?"

பர்னபாஸ் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அவங்கம்மா அப்டியேதான் இருப்பா, ஏழாம் மாசத்துல. ஒரு கைய இடுப்புல வெச்சிகினு," என்றார். "பாத்தேன். பாத்ததும் தண்ணியா வந்துட்டுது கண்ணுல. நடு பஜார்ல நின்னு என்ன அழச் சொல்றியா? அதான் சந்துக்குள்ள போனேன். பத்து நிமிஷம் கழிச்சித் திரும்பி வந்து பாத்தா அவ இல்ல."

ஒரு பெண் கேஸ்கெட் கேட்டு வந்தாள். பர்னபாஸ் எழுந்து, சுவரிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"என்ன பேரு?" என்றார், குக்கரைப் பார்த்தபடி.

"குமாரன். அமலா சொன்னது."

அவர் கை மூடியின் மேல் அப்படியே நின்றது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் தினம் காலையில் சொல்கிற அந்த வரியைத்தான் சொல்லிக்கொள்கிறார் என்று பிரதாப்புக்குத் தெரிந்தது.

"உங்க அக்கா ஒத்துக்கினாளா?"

"இன்னும் சொல்லல. சொன்னா முருகன் பேருன்னு எடுத்துக்குவாங்க."

"எனக்கு அது இல்ல."

"தெரியும் மாமா."

"ரெண்டும் ஒண்ணுதான்னு பெரிய மனுஷனாட்டம் பேசிடாத. ஒண்ணு இல்ல. எழுத்துதான் ஒண்ணு."

"நான் ஒண்ணுன்னு சொல்லவே இல்லையே. அவுங்க அவுங்களுக்கு அவுங்க அவுங்க அர்த்தம்."

"ஞானஸ்நானம்?"

"அது அமலா பாடு, உங்க பாடு. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

பர்னபாஸ் மூடியைப் பொருத்தி, வெயிட்டைப் போட்டு, தண்ணீர் ஊற்றித் தன் அடுப்பிலேயே வைத்தார். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஓரத்தில் ஒரு துளி ஆவிகூட விடாமல் அது விசில் அடித்தது.

"நாளைக்குத் திருவிருந்து ஆராதன. முடியறதுக்கு நேரமாகும்," என்று குக்கரைப் பையில் போட்டுக் கொடுத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

*

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அக்காவிடம் சொன்னான். அவள் ஒரு முறம் அவரைப் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். பாதியிலேயே முறம் நின்றுவிட்டது.

"அப்போ நைனா பேரு? முனிரத்தினம்னா அசிங்கமா கீதா உங்களுக்கு?"

"அசிங்கம் யார் சொன்னா? அமலாவோட அப்பா கூப்பிட ஒரு பேரு வேணும்னு கேக்கறா."

"அந்தாளு! தெருவுல நின்னு பொண்ணே இல்லன்ட்டுப் போன ஆளு. அவரு கூப்பிடறதுக்கோசரம் எங்க நைனா பேரு போவணுமா?"

பிரதாப் பஜாரில் நடந்ததைச் சொன்னான். சந்துக்குள் போனதை, பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து தேடியதை.

குணசுந்தரி முறத்தைக் கீழே வைத்தாள். "அழுதாரா?"

"அதான் சொன்னாரு."

அவள் பருப்பில் கிடந்த ஒரு சொத்தையை எடுத்து எறிந்தாள். பிறகு இன்னொன்றை. "அன்னிக்கி போய்க்கினே இருன்னு சொன்னேனே."

"அவுருதான மொதல்ல ஆரம்பிச்சாரு."

"அவுரு சொன்னாரு, பெத்த வயிறு எரிஞ்சி சொன்னாரு. எனக்கு இன்னா எரிஞ்சிது? நீதான் பொண்டாட்டியோட வந்து நிக்கறியே, எனக்குச் சந்தோஷந்தான? உள்ள வாங்க, தண்ணி குடிங்கன்னு சொல்லியிருந்தா, அந்த மனுஷன் அன்னிக்கே உள்ள வந்திருப்பாரு." அவள் முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். "சரி. நைனா பேர நான் காதுல சொல்லிடறேன். அது எனக்கும் அவனுக்கும். கூப்பிடறதுக்குக் குமாரன் இருக்கட்டும். முருகன் கோச்சிக்க மாட்டான்."

உள் அறையில் தூளிக் கயிறு கிறீச்சிடுவது நின்றிருந்தது. அமலா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சிறிது நேரத்தில் வந்து, இன்னொரு முறத்தை இழுத்துக்கொண்டு குணசுந்தரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருமாகப் பருப்பு முழுவதையும் புடைத்து முடித்தார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே வீடு நிறைந்துவிட்டது. லைன் வீட்டு ஜனங்கள், ரயில் பெட்டி ஜனங்கள், பள்ளிக்கூடச் சமையலிலிருந்து பார்வதம்மா. வேலு தன் கையால் செய்த ஒரு சின்ன மரத்தொட்டிலைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். அதில் மஞ்சள் சேலையை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினார்கள். மேக்ஸ்வெல், "பேரு என்னடா? மொதல்ல என்கிட்ட சொல்லு, எழுதிப் பாத்துட்டு சொல்றேன்" என்று பிரதாப்பைத் துளைத்துக்கொண்டிருந்தான்.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. குணசுந்தரி சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை.

"பாயசம் வேகலம்மா. இரு, இரு."

பாயசம் வெந்தது. தேங்காய் உடைக்கவில்லை என்றாள். தேங்காய் உடைத்தார்கள். குத்துவிளக்குத் திரி சரியில்லை என்று வேறு திரி திரித்தாள். பதினொன்றரைக்குப் பார்வதம்மா அவள் காதில், "ஹன்னெரடு மணிக்கு யமகண்டம் வந்துடும் குணா. டைம் ஆய்த்து" என்றாள்.

"வெத்தல பத்தல."

"ரெண்டு கவுளி கீதே."

"அது வாடிப்போச்சி. மேக்ஸ்வெல், நீ போயி வெத்தல வாங்கிகினு வா. மெதுவாவே போயிட்டு வா."

தொட்டிலருகே அமலா புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை வாசலுக்குப் போவதும் தொட்டிலுக்குத் திரும்புவதுமாக இருந்தது. கடைசியில் அவளே எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"அக்கா, ஆரம்பிங்க. அவரு வரமாட்டாரு."

"யாரு வரமாட்டாரு? நான் வெத்தலைக்குத்தான நிக்கறேன்?"

அமலா அவளைப் பார்த்தாள். இத்தனை நேரமும் எதற்காக என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குணசுந்தரியின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"ஏய், சேல கசங்கும்," என்றாள் குணசுந்தரி. ஆனால் விலகவில்லை.

பதினொன்றே முக்காலுக்குத் தெருவில் ஒரு மொபெட் சத்தம் வந்து நின்றது. பிரதாப் எட்டிப் பார்த்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், கக்கத்தில் வேதாகமம். பர்னபாஸ் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, உள்ளே போகலாமா வேண்டாமா என்பதுபோல அதிலேயே சாய்ந்து நின்றார். மூன்று வருஷத்துக்கு முன் நின்ற அதே இடம்.

பிரதாப் போவதற்குள் குணசுந்தரி அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். இந்த முறை கையில் கரண்டி இல்லை, ஒரு சொம்பு தண்ணீர் இருந்தது.

"இன்னா மாமா, ஆராதன இவ்ளோ நேரமா? யமகண்டம் வந்துடும். உள்ள வாங்க."

"எங்க சபை ஐயர் பிரசங்கத்த முடிக்கல," என்றார் அவர். தண்ணீரை வாங்கிக் குடித்தார். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாதவர்போல, "அப்பறம் ரெண்டு தடவ இந்தத் தெரு முனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேம்மா" என்றார்.

"மூணாவது தடவ வந்துட்டீங்கல்ல? வாங்க."

அவர் உள்ளே வந்தார். கூட்டம் வழிவிட்டது. அமலா எழுந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தொட்டிலைத்தான் பார்த்தார்.

நேரம் இல்லை. குணசுந்தரி தொட்டிலுக்குக் குனிந்து, பிள்ளையின் வலது காதில் வெற்றிலையை மறைவாகப் பிடித்து, மூன்று முறை என்னவோ சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு பிள்ளையைத் தூக்கினாள். எல்லோரும் அவள் உரக்கச் சொல்லப்போகிறாள் என்று காத்திருக்க, அவள் பிள்ளையை பர்னபாஸின் கையில் வைத்தாள்.

"நான் சொல்ல வேண்டியத சொல்லிட்டேன். சத்தமா நீங்க கூப்பிடுங்க."

"நானா? அத்த மொற இல்லம்மா இது?"

"அத்ததான் சொல்றேன், கூப்பிடுங்க."

பர்னபாஸ் வேதாகமத்தை வேலுவின் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையின் தலைக்குக் கையைச் சரியாக வைத்துக்கொண்டார். பிள்ளை கோபக்காரப் புருவத்தைச் சுருக்கி அவரைப் பார்த்தான். அவர் தொண்டையைச் செருமினார்.

"குமாரன்," என்றார். குரல் பாதியில் உடைந்தது.

"கேக்கல மாமா," என்றார் வேலு.

"குமாரன்." இந்தத் தடவை வந்தது. மூன்றாம் தடவை, ஷாஃப்ட் வாயில் நின்று கத்திப் பழகிய குரல், தெருக்கோடிவரை கேட்டது. "குமாரா!"

பிள்ளை திடுக்கிட்டு, வாயைக் கோணி, வீறிட்டு அழுதான். எல்லோரும் சிரித்தார்கள். வெற்றிலையோடு அப்போதுதான் வந்து சேர்ந்த மேக்ஸ்வெல், "குமாரனா? நாலே எழுத்து. ஒருத்தனாலும் தப்பா எழுத முடியாது" என்றான்.

*

சாப்பாட்டுப் பந்தியில் பிதுக்கம்பருப்புக் குழம்பும் வெள்ளைச் சோறும் வடையும் பாயசமும். பர்னபாஸ் இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"எங்க முருகன் பேர வாய் நெறைய கூப்பிட்டீங்க மாமா," என்றாள் குணசுந்தரி, அவர் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டே.

"நான் கூப்பிட்டது அந்தப் பேரு இல்லம்மா."

"என் காதுல அதான் விழுந்துது."

"உன் காதுக்கு நான் பொறுப்பா?" என்றார் அவர். சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் பாயசத்தை மறுக்கவில்லை.

பிரதாப் தண்ணீர் ஜக்கோடு பந்தியில் நடந்துகொண்டே இதைக் கேட்டான். இரண்டு பேருமே ஜெயித்த முகத்தோடு இருந்தார்கள். அவனுக்கு அது போதுமாக இருந்தது. தெருவில் போகிற யாரோ "குமாரு" என்று யாரையோ கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை என்றால் எரிச்சல் வந்திருக்கும். இன்று தன் மகனைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தான்.

ஆனால் அப்பாவும் மகளும் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அமலா அவருக்கு இலை போட்டாள், உப்பு வைத்தாள், சோறு வைத்தாள். அவர் குனிந்த தலையோடு சாப்பிட்டார். பிள்ளை அழும்போது மட்டும் நிமிர்ந்து உள் அறையைப் பார்த்தார்.

கை கழுவ அவர் முற்றத்துக் குழாயடிக்குப் போனபோது, அமலா சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இருந்தாலும் அவர் குழாய்ப் பக்கம் போகாமல் அவள் முன் கையை நீட்டினார். அவள் ஊற்றினாள். பிரதாப் ஜக்கை வைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றுவிட்டான்.

பர்னபாஸ் கையைக் கழுவினார். வாய் கொப்பளித்தார். அவள் நீட்டிய துண்டில் விரல் விரலாகத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"சாயந்திரத்துல எத்தன மணிக்கு முழிச்சிகினு இருப்பான்?" என்றார், துண்டைப் பார்த்தபடி.

அமலா சொம்பைக் கீழே வைத்தாள். "அஞ்சு மணிக்குப்பா. அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் நல்லா வெளயாடுவான்."

அவர் மனசுக்குள் கணக்குப் போடுகிற மாதிரி தலையை ஆட்டினார்.

"அப்போ நாளைலேர்ந்து நாலரைக்கே கடைய சாத்திடறேன்," என்றார்.